வெள்ளி அணிகலனும் அளவு நோன்பும்

(பண்பொழியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மேற்கு மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், செங்கோட்டைக்கு அருகே, வயலும் தென்னையும் சூழ அமைந்த ஊர் பண்பொழி. பைம்பொழில் என்பதே இதன் பழம்பெயர் என்பர். ஊரையடுத்த திருமலைக் குன்றின்மேல் குமாரசுவாமி கோயில் நிற்கிறது. அதற்கு அப்பால் மேக்கரையில் அடவிநயினார் அணை. 'நயினார்' என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழ்ச் சமணக் குடும்பத்தார் நிமிர்ந்து பார்ப்பது இயல்பே. ஆயினும் தென்பாண்டி நாட்டில் அச்சொல் தலைவன், இறைவன் என்னும் பொதுப்பொருளில் பிற சமயத் தெய்வங்களுக்கும் வழங்கி வந்துள்ளது. பெயர் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஊரையே சமண ஊர் ஆக்குவது வரலாறு ஆகாது. வரலாற்றைக் கண்ணால் காண விரும்புவோர் இங்கிருந்து கிழக்கே, சங்கரன்கோயில் வழியாகக் கழுகுமலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வழியில் சங்கரன்கோயிலில் ஒரு காட்சி. பாம்பும் தேளும் பொறித்த சிறு வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் இடுவோர் இன்றும் உளர். இவ்வட்டார மக்களுக்கு வெள்ளி அணியப்படும் பொருள். வேண்டுதலுக்கும் உரிய பொருள். குழந்தை பிறந்தால் அரைஞாண், தவழ்ந்தால் காப்பு, நடந்தால் தண்டை, மணம் முடிந்தால் மெட்டி என்று வாழ்வின் ஒவ்வொரு படியிலும் அவ்வெண்மை உடன் வருகிறது. பொன் பெட்டியில் இருக்கும். வெள்ளி உடம்பில் இருக்கும்.

கல்வெட்டுகளில் அரைமலை என்று குறிக்கப்படும் கழுகுமலையின் பாறையில், 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டிச் செதுக்கத் தொடங்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அடியில் வட்டெழுத்துப் பொறிப்புகள். அவற்றுள் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. தீர்த்தங்கரர் மேனியில் அணி ஏதும் இல்லை. நூல் இழையும் இல்லை. அதே பாறையில் சற்றே தள்ளி, சிங்கம் அருகிருக்க நிற்கும் அம்பிகை இயக்கியோ மகுடமும் குழையும் ஆரமும் வளையும் பூண்டு விளங்குகிறாள். ஒரே பாறையில், ஒரே மரபின் சிற்பிகள் இவ்விரண்டையும் செதுக்கினர். துறந்தவருக்கு அணி இல்லை. இல்லறத்தைக் காக்கும் தெய்வத்துக்கு அணி உண்டு. அம்பிகையைத் தருமதேவி என்று வணங்கும் தமிழ்ச் சமண இல்லங்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறியும்.

ஆகவே சமணப் பெண் நகை அணியலாமா என்பது கேள்வியே அன்று. எவ்வளவு, எத்தகையது, எதற்காக என்பவையே கேள்விகள். அவற்றுக்கு விடை கூறும் நூல்கள் மரபிலேயே உள்ளன. நகைக்கடை விளம்பரங்களே விடை கூறத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் அந்நூல்களைச் சற்றே புரட்டிப் பார்ப்பது தகும்.

இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் கூறும் சமண நூலுக்கு அருங்கலச்செப்பு என்று பெயர். அரிய அணிகலன்களை வைக்கும் பேழை என்பது அதன் பொருள். அதற்கு மூலமாகிய சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் பெயரளவில் மணிப்பேழையே. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே அப்பேழையில் உள்ளவை. நகைப்பெட்டியின் பெயரைத் தாங்கிய அந்நூல் மரபே நகைக்கு அளவு வைக்கச் சொல்கிறது.

சமந்தபத்திரர் நுகர்பொருள்களை இருவகையாகப் பிரிக்கிறார். ஒருமுறை நுகர்ந்து கழிவது போகம். உணவு அதற்குச் சான்று. மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். ஆடை அவ்வகையைச் சேர்ந்தது. ஊர்தி, படுக்கை, பூ, தாம்பூலம், ஆடை என அளவு வைத்தற்குரியவற்றை அவர் அடுக்கும்போது அணிகலனையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறார். அந்த அளவை வாழ்நாள் முழுவதற்கும் ஏற்றால் யமம். கால எல்லை குறித்து ஏற்றால் நியமம். ஒரு பகல், ஓர் இரவு, அரைத் திங்கள், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட ஒரு பருவம், ஆறு திங்கள் கொண்ட ஓர் அயனம் எனக் கால எல்லைகளையும் வகுத்துத் தருகிறார். இன்று பகல் முழுதும் இந்த ஓர் இணைக் கொலுசு, இந்த இரு வளையல், வேறில்லை என்று காலையில் உறுதி கொள்ளும் ஒரு பெண் அந்நோன்பை முழுமையாகவே ஏற்றவள். இதற்குத் துறவு வேண்டா. பெரும் பொருளை விட்டுக்கொடுக்கவும் வேண்டா.

இது அணிவதற்கான அளவு. உடைமைக்கான அளவு வேறு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், உடைமை அளவு நோன்பின் குற்றங்களைக் கூறும் இடத்தில், நிலம், வீடு, கால்நடை, தானியம் முதலியவற்றோடு ஹிரண்யம், சுவர்ணம் என்று இரண்டைச் சேர்த்துச் சொல்கிறது. சுவர்ணம் பொன். ஹிரண்யம் என்பதை வெள்ளி முதலியன என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் விளக்குகிறார். வெள்ளி தானே, கணக்கில் எதற்கு என்று கேட்போர்க்கு இதுவே விடை. பொன்னுக்கு அளவு வைத்து வெள்ளியை அவிழ்த்துவிட நூல் இடந்தரவில்லை.

இவ்விடத்தில் சுவேதாம்பர ஆசிரியர் ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் யோகசாஸ்திரத்தில் காட்டும் நுட்பம் ஒன்று சுவையானது. மனிதர் நோன்பை முறிக்காமலே முறிக்கும் வழிகளை அவர் பட்டியல் இடுகிறார். எண்ணிக்கையால் அளவு வைத்தவர் பல சிறு பாத்திரங்களைச் சேர்த்துச் சில பெரிய பாத்திரங்களாக்கி எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றிக் கொள்வார். பொன்னுக்கும் வெள்ளிக்கும் அளவு வைத்தவர் மிகுதியாக வந்ததைக் காலம் முடியும் வரை பிறர் கையில் கொடுத்து வைப்பார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர், மருமகள் பெயரில் வாங்கிய குத்துவிளக்கையும் மகள் பெயரில் உள்ள வங்கிப் பெட்டகத்தையும் கண்டவர்போல் எழுதியிருக்கிறார். எனவே வெள்ளிக்கு அளவு வைப்போர் எண்ணிக்கையால் வைக்காமல் எடையால் வைப்பதே நேர்மை. நான்கு இணைக் கொலுசு என்பது அளவே அன்று. இத்தனை கிராம் என்பதே அளவு.

இனி, வெள்ளி நகை எப்படி அமைகிறது என்பதைக் காணலாம். அமைப்பை அறியாதவர் அளவையும் அறிய இயலாது.

தூய வெள்ளி மென்மையானது. மெல்லிய தகடாயின் விரலாலேயே வளைக்கலாம். ஆகவே செம்பு கலந்து உறுதி ஏற்றுவர். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் எஞ்சியது பெரும்பாலும் செம்பும் ஆவது இன்று உலகெங்கும் நகைக்கு ஏற்ற கலவை. பழைய நகைகளில் ஓர் அழகிய பொருத்தம் உண்டு. விக்டோரியா அரசியின் தலையும் ஐந்தாம் ஜார்ஜின் தலையும் பொறித்த ரூபாய் நாணயம் 11.66 கிராம் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு 91.67 பங்கு வெள்ளி. அக்காலத்தில் நாணயத்தையே தட்டாரிடம் கொடுத்து உருக்கித் தண்டையும் கொலுசும் செய்தனர். எடையையும் 'ரூபாய் எடை' என்றே கூறினர். 1940-இல் நாணயத்தின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளி நீங்கி நிக்கல் வந்தது. பாட்டியின் தண்டையில் உள்ள வெள்ளி பழைய ரூபாயில் இருந்து வந்ததாயின், அது இன்றைய சிறந்த கலவைக்கு ஏறத்தாழ நிகரானது.

வெள்ளியின் அடர்த்தி பொன்னின் அடர்த்தியில் பாதியைச் சற்றே தாண்டும். ஒரே பருமனுள்ள இரு வளையங்களில் பொன் வளையம் 19 கிராம் எனில் வெள்ளி வளையம் 10 கிராம் அளவில் நிற்கும். கால் அணிக்கு வெள்ளி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாள் முழுதும் தரையோடும் தண்ணீரோடும் உராயும் உறுப்பு கால். அங்கே அணிவது கனமற்றதாகவும், தேய்ந்தால் பெருநட்டம் ஆகாததாகவும் இருத்தல் வேண்டும். பொன்னைக் காலில் அணிதல் திருமகளுக்கு ஆகாது என்னும் நம்பிக்கை இவ்வசதிக்குப் பின்னர் வந்து சேர்ந்த காப்பு என்று கருத இடம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கால் சிலம்பு பொன்னால் ஆனதே. இளங்கோவடிகளுக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை.

அக்காப்பியத்தின் கடலாடு காதையில் மாதவி காலுக்கு மட்டும் பூணும் அணிகளைக் காண்க: பாடகம், சதங்கை, நூபுரம், பரியகம், அரியகம். காலுக்கே ஐவகை. இவற்றுள் பாடகமும் சதங்கையும் அண்மைக் காலம் வரை பெயர் மாறாமல் வழங்கின. எஞ்சியவை உரையாசிரியர் துணையின்றிப் புரியாத சொற்களாகிவிட்டன. ஓர் அணி மறைந்தால் ஒரு சொல்லும் உடன் மறைகிறது. தண்டையும் காலாழியும் பீலியும் இப்போது அந்த எல்லையில் நிற்கின்றன. பத்து வயதுச் சிறுமியிடம் கொலுசு என்றால் தெரியும். தண்டை எது என்று கேட்டால் திகைப்பாள்.

தண்டை என்பது உள்ளே புழையுள்ள குழல்வடிவ வளையம். உள்ளே சிறு பரல்கள் இட்டு வாய் மூடுவர். நடக்கையில் அவை உருண்டு ஒலிக்கும். கொலுசு அவ்வாறன்று, கண்ணிகள் கோத்த சங்கிலி. அதன் ஒலி வெளியே தொங்கும் சலங்கை மணிகளால் எழுவது. தண்டையைச் செய்ய ஒருவர் கையே போதும். கொலுசு பலர் கை கடந்து வருவது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையையும் சுற்றுப்புற ஊர்களையும் மையமாகக் கொண்ட கொலுசுத் தொழிலில் ஒரு வீட்டில் கம்பி இழுப்பர். மற்றொரு வீட்டில் கண்ணி வளைப்பர். இன்னொரு வீட்டில் பூவும் மணியும் பற்றவைப்பர். பிறகு மெருகு ஏறும். இந்தியாவின் பல மாநிலங்களில் பெண்கள் காலில் ஒலிப்பது சேலத்து வீட்டுத் திண்ணைகளில் உருவானதே. அதை அறியாமலே வட நாட்டுக் கடையில் வாங்கி வருவோரும் தமிழகத்தில் உண்டு.

தெற்கே நாகர்கோயில் வடசேரியின் கோயில் நகைத் தொழில் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே வெள்ளியை அடித்தளமாக அமைத்துச் செங்கற்கள் பதித்து, மேலே பொன்னிலை ஒட்டுகின்றனர். தெய்வத் திருமேனிக்கும் நாட்டியக் கலைஞர்க்கும் செல்லும் அந்நகை புவிசார் குறியீடு பெற்றது. பார்ப்போர்க்குப் பொன், எலும்போ வெள்ளி. மணநாளில் ஒரே ஒருமுறை அணிவதற்கெனப் பல சவரன் பொன் வாங்கும் குடும்பங்கள் வடசேரி வேலைப்பாட்டை ஒருமுறை காண்பது நன்று.

அமைப்பில் எளிதில் கவனிக்கப்படாத பகுதி பூட்டு. கொலுசு அறுவது பெரும்பாலும் கண்ணியில் அன்று, கொக்கியில். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியில் நின்று எழுவோர் காலைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான். வளைந்த கொக்கி நீரின் விசையில் விரியும். திருகாணிப் பூட்டு விரியாது. ஆனால் குழந்தைக்கு ஆகாது, மரை கழன்றால் ஆணி வாய்க்குள் போகும். குழந்தையின் தண்டைக்கும் காப்புக்கும் பூட்டே இல்லாத, இரு முனையும் உருண்டையாக முடிந்து விரித்து மூடும் வடிவத்தை முன்னோர் தேர்ந்தது சிந்தித்தே. கூரிய முனை இல்லை. குழந்தை வளர வளரச் சற்றே விரித்துக்கொள்ளலாம். ஒரே நகை சில ஆண்டுகளுக்குப் போதும். அளவு நோன்பு அந்த வடிவத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

கொலுசின் ஒலி முன்னே சென்று பூச்சிகளை விலக்கும் ஆதலால் அது அகிம்சைக்கு உதவும் என்று கூறுவோர் உண்டு. இனிய எண்ணம். ஆனால் மரபு கூறும் வழி கீழே நோக்கி நடப்பதே. ஒலியை நம்பிக் கண்ணை உயர்த்துவது ஈரியா சமிதி ஆகாது.

உயிர்க்கொலையைப் பற்றிப் பேச்சு வந்தமையால் இதனைச் சற்று விரித்தே கூறுதல் வேண்டும். ஹேமசந்திரர் இல்லறத்தார் விலக்கத்தக்க பதினைந்து தொழில்களைக் கூறுகிறார். அவற்றுள் தந்த வாணிகம் ஒன்று: அசையும் உயிர்களின் பல், மயிர், நகம், எலும்பு, தோல் ஆகியவற்றைக் கிடைக்கும் இடத்திலேயே கொள்முதல் செய்தல். அரக்கு வாணிகம் இன்னொன்று. இவ்விரண்டும் நகைத்தொழிலை நேரே தொடுபவை. யானைத் தந்தம் இன்று சட்டத்தாலும் விலக்கப்பட்டுவிட்டது. முத்து சிப்பியைப் பிளந்து எடுப்பது. பவளம் கடல் உயிரின் கூடு. அரக்கு மரக்கிளையில் பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைச் சுரண்டுகையில் பூச்சிகளும் உடன் அழிகின்றன. புழையுள்ள நகைகளின் உள்ளே அரக்கை நிரப்புவது பழைய வழக்கம். தென்மாவட்ட முதியோர் காதில் தொங்கிய பாம்படங்கள் பொன் தகட்டின் உள்ளே அரக்கு அடைத்தவையே. வெள்ளி நகையிலும் அவ்வழக்கம் உண்டு. எனவே கனமான வெள்ளிக் காப்பை வாங்கும்போது உள்ளே என்ன என்று கேட்பது இருவகையில் பயன் தரும். அரக்கு எனில் அகிம்சைக்கு ஒவ்வாது. வெள்ளி விலையில் அரக்கின் எடைக்கும் பணம் கொடுக்க நேரும்.

கருமை ஏற்றிய வெள்ளி நகையை இளையோர் விரும்புகின்றனர். ஆக்சிடைஸ்டு என்று கடையில் கூறுவது அதனையே. பள்ளங்களில் கருமை தங்குவதால் வேலைப்பாடு துலங்கும், கண்ணுக்கும் இதம். கந்தகச் சேர்மம் வெள்ளியோடு வினைபுரிந்து அக்கருமை உண்டாகிறது. வீட்டிலேயே அதனைச் செய்ய அவித்த முட்டையோடு நகையை மூடி வைக்கும் முறை ஒன்று கைவினையாளரிடையே பரவியிருக்கிறது. சமண இல்லத்துக்கு அது வேண்டாத முறை. பொட்டாசியம் சல்பைடு கரைசல் அதே வேலையைச் செய்யும். தட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். கருமை ஏறிய எல்லாம் வெள்ளி அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் சில்வர் எனப்படுவது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

இவ்வளவு கூறிய பின் வெள்ளி மட்டும் குற்றமற்றது என்று முடித்தல் தகாது. பதினைந்து தொழில்களுள் நிலத்தைப் பிளத்தலும் ஒன்று. இந்தியாவில் வெட்டியெடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி இராசத்தானில் ஈயம், துத்தநாகச் சுரங்கங்களில் இருந்து துணைப்பொருளாக வருகிறது. தேவையில் மிகப் பெரும் பங்கு வெளிநாடுகளில் இருந்து இறக்குமதி ஆகிறது. எங்கேயோ ஒரு மலை குடையப்பட்டே புதுக் கொலுசு பிறக்கிறது. ஆயினும் வெள்ளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எத்தனை முறை உருக்கினும் அதன் தன்மை கெடுவதில்லை. 962 டிகிரி செல்சியசில் உருகி, மீண்டும் புதிதாகவே பிறக்கும். பழைய வெள்ளியில் செய்த நகைக்காகப் புதுக்குழி தோண்டப்படுவதில்லை. சமண இல்லம் அணிவதற்கு மிகத் தகுந்த வெள்ளி ஏற்கெனவே அவ்வில்லத்தில் இருக்கும் வெள்ளியே.

இங்கே ஒரு முரணும் எழுகிறது. பழையதை எல்லாம் உருக்கினால் தண்டையும் காலாழியும் அடியோடு மறையும். எடைக்கு எடை மாற்றும் கடைகளில் ஒவ்வொரு நாளும் பழைய வேலைப்பாடு உலைக்குள் போகிறது. நெளிந்த தட்டு, உடைந்த கிண்ணம், அறுந்த சங்கிலி, ஒற்றையாகிப் போன மெட்டி ஆகியவற்றை உருக்குவதில் தயக்கம் வேண்டா. முழுமையாக இருக்கும் தண்டையை உருக்குவது வேறு. அதனைப் பழுது பார்த்து, பரல் மாற்றி, மெருகிட்டுப் பேத்திக்கு அணிவிக்கலாம். புதுக்கொலுசு செய்யத் தரும் கூலியை விட அதற்குக் கூலி குறைவாகவே ஆகும்.

உருக்கக் கொடுப்போர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுதல் நன்று. முதலில், உருக்குமுன் எடை, உருக்கியபின் கட்டியின் எடை, செய்து முடித்த நகையின் எடை என மூன்றையும் எழுதி வாங்குதல். சேதாரம் என்பது அவற்றுக்கிடையே தெரியும். இரண்டாவது, முத்திரை. சிலப்பதிகாரம் இதனைச் சொல்லாமல் சொல்கிறது. கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றன் உள்ளே மாணிக்கப் பரல்; மற்றொன்றன் உள்ளே முத்துப் பரல். உடைத்துக் காட்டிய பிறகே உண்மை தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போயிற்று. உலோகத்தின் உள்ளே இருப்பதைக் கண்ணால் அறிய இயலாது என்னும் அந்த நிலை இன்றும் மாறவில்லை. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை அதற்கே ஏற்பட்டது. பொன் நகைக்கு அது கட்டாயம். வெள்ளிக்கு இன்னும் விருப்பத்தின்பாற்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாள எண்ணைப் பொறிக்கும் முறை விருப்ப அடிப்படையில் தொடங்கியுள்ளது. கட்டாயம் இல்லை என்பதால் கேட்பவருக்கே கிடைக்கும். 925 என்னும் எண் மட்டும் பொறித்திருப்பது கடைக்காரரின் சொல். ஹால்மார்க் சோதனைச் சாலையின் சொல்.

இனி அட்சய திருதியை. இந்நாளில் நகைக்கடை வாயில்களில் கூட்டம் அலைமோதுகிறது. பொன் எட்டாத குடும்பங்கள் வெள்ளியை நாடுகின்றன. 2025-இல் கிலோவுக்கு ஒரு லட்சம் ரூபாயைக் கடந்து மேலும் ஏறிய வெள்ளி, இப்போது அணியும் பொருள் என்பதிலிருந்து பதுக்கும் பொருளாக மாறி வருகிறது. கொலுசு வாங்க வந்தவர் கட்டி வாங்கிச் செல்கிறார்.

சமணருக்கு இந்நாள் எந்த நாள்? ஆதிபகவன் இடபதேவர் துறவு பூண்டு நெடுங்கால உண்ணாநோன்புக்குப் பின் உணவேற்க வந்தபோது, துறவிக்கு என்ன கொடுப்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒருவரை அவர்கள் கண்டதில்லை. அரசராக இருந்தவர் ஆயிற்றே என்று மணிகளையும் அணிகலன்களையும் ஊர்திகளையும் கொண்டுவந்து முன்னே வைத்தனர். அவர் ஏற்காமல் நடந்தார். அத்தினாபுரத்தில் இளவரசன் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாற்றை அளித்தான்; கைகளில் ஏற்று அவர் உண்டார். ஜினசேனரின் ஆதிபுராணம் இதனை விரித்துரைக்கிறது. குறையாத திருதியை என்று பெயர் பெற்றது அந்தக் கருப்பஞ்சாற்றுக் கொடையால். நகையை ஏற்காத ஒருவரின் நினைவு நாள் நகை வாங்கும் நாளாகிவிட்டது. பிறர் வாங்குவது அவரவர் வழக்கம். சமணக் குடும்பமும் அவ்வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து இடபதேவரை வணங்குவதாயின், எந்தக் கதையை நினைத்து வணங்குகிறது என்பதை அக்குடும்பத்துப் பெரியோரே பிள்ளைகளுக்குக் கூறுதல் வேண்டும்.

சீர்வரிசையின் சுமையையும் மறைக்க இயலாது. குத்துவிளக்கு, குடம், தட்டு, பன்னீர்ச்செம்பு, சந்தனப் பேழை என்று வெள்ளிப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. பெரும்பாலானவை மணநாளில் மேசைமேல் அடுக்கப்பட்டு, பிறகு பரணுக்கோ பெட்டகத்துக்கோ போய்விடுகின்றன. தமிழ்ச் சமணர் சிறு சமுதாயம். வந்தவாசி, திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டார ஊர்களில் ஒரு வீட்டுத் திருமணம் அடுத்த வீட்டுக்கு அளவுகோலாகிவிடுகிறது. வசதியுள்ள குடும்பம் ஒன்று இருபது பொருளை அடுக்கினால், நிலத்தை ஈடுவைத்தாவது பத்தை அடுக்க மற்றொரு குடும்பம் நேர்கிறது. உடைமை அளவு நோன்பைத் தனிமனிதரின் ஆன்ம நலனுக்காக என்று மட்டும் எண்ணுவது பாதிப் பொருளே. வசதியுள்ளவர் வைக்கும் அளவே வசதியற்றவர்க்குக் கிடைக்கும் விடுதலை. திருமணப் பேச்சின்போதே இரு வீட்டாரும் வெள்ளிக்கு இத்தனை கிராம் என்று எடை குறித்து, அதற்குமேல் தரவும் வேண்டா, பெறவும் வேண்டா என்று முடிவு செய்வதில் எவர்க்கும் இழுக்கில்லை. அந்த எடைக்குள் மணப்பெண் நாள்தோறும் அணியக்கூடிய ஓர் இணைக் கொலுசும் மெட்டியும், வழிபாட்டுக்கு ஒரு விளக்கும் அடங்கும். கொலுசு பாட்டியின் பழைய வெள்ளியில் இருந்து வருமாயின் இன்னும் சிறப்பு.

வைத்திருப்பதைப் பேணும் முறையையும் கூறிவிடலாம். வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தக ஆவியால். ஈரம் அதனை விரைவுபடுத்தும். சாரல் காலத்துத் தென்காசியில் வெளியே கிடக்கும் கொலுசு சென்னையில் கிடப்பதைவிட விரைவில் மங்கினால் வியப்பில்லை. உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப் புகாத உறையில் வைத்தல் நலம். ரப்பர் வளையம் இட்டுக் கட்டுதல் கூடாது. ரப்பரில் கந்தகம் உண்டு. மங்கியதைப் பொடி தேய்த்து ஒளிரச் செய்யும் ஒவ்வொரு முறையும் வெள்ளி சிறிது தேய்கிறது. பூவேலையின் விளிம்புகள் மழுங்குகின்றன. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் இட்டு நகையை அத்தாளில் படும்படி சில நிமிடம் வைத்தால், கருமை மீண்டும் வெள்ளியாகவே மாறும், தேய்மானம் இல்லை. கல் பதித்தவற்றுக்கும், வேண்டியே கருமை ஏற்றியவற்றுக்கும் இம்முறை ஆகாது.

தசலட்சண பருவம் பாத்திரபத மாத வளர்பிறை ஐந்தாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் நிறைவுறும். ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யம், எனது என்று ஏதும் இன்மை. நியமம் ஏற்க அந்தப் பத்து நாள்கள் ஏற்ற காலம். மெட்டி நீங்கலாக ஏனைய நகைகளைக் கழற்றி வைக்க விரும்புவோர் முதல் நாள் காலையில் அவற்றை எடையிட்டு, ஒரு குறிப்பேட்டில் இன்ன நகை, இன்ன எடை, எவரிடமிருந்து வந்தது என்று எழுதி வைக்கலாம். வீட்டில் உள்ள வெள்ளி எவ்வளவு என்பது பல குடும்பங்களுக்கு அன்றுதான் முதன்முறையாகத் தெரியவரும். பதினோராம் நாள் பெட்டியைத் திறக்கும்போது எவற்றை மீண்டும் அணிவது, எவற்றை உருக்குவது, எவற்றைப் பேத்திக்கு எடுத்து வைப்பது என்று அந்தக் குறிப்பேட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.